நெல் மூழ்கினால் நிவாரணம் பெறுவது எப்படி: அடங்கல் முதல் வங்கிக் கணக்கு வரை

மழை வெள்ளத்தில் பயிர் போனால் அரசு தரும் நிவாரணத்துக்கு விவசாயி விண்ணப்பம் போட்டுத்தான் எல்லாம் தொடங்கும் என்பதில்லை. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும், பட்டியல் போடும், அரசாணை வந்ததும் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒரே வாய்க்காலில் ஒருவருக்குப் பணம் வந்து, அடுத்த வரப்புக்காரருக்கு வராமல் போவது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நடக்கிறது. ஏன் என்று தேடினால், பெரும்பாலும் கோளாறு மழைக்கு முன்பே தொடங்கியிருக்கும். அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிப் பதிவேட்டில், பயிர் ஏறியிருக்காது, இல்லாவிட்டால் வேறு ஒருவர் பெயரில் ஏறியிருக்கும்.

கீழே வருவது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சம்பா, தாளடி நெல்லை மனதில் வைத்து எழுதியது. விதிகள் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

எவ்வளவு கிடைக்கும்

பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. அதற்கான விகிதங்களை ஒன்றிய அரசு வகுக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்தபடி, ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசன வசதியுள்ள பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் தமிழக அரசு அறிவித்தவை இந்த விகிதங்களே.

மாநில அரசு நினைத்தால் கூட்டித் தரலாம். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு, அப்போது 13,500 ரூபாயாக இருந்த நெல் நிவாரணத்தை 20,000 ஆக்கி, 2 ஹெக்டேர் வரம்பையும் தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரி மழைக்கும் ஹெக்டேருக்கு 20,000 அறிவித்தார்கள். ஆகவே போன முறை வந்த தொகையை வைத்து இந்த முறைக்குக் கணக்குப் போடாதீர்கள். அந்தந்த மழைக்கு வரும் அரசாணையைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணம். ஆனால் 33 சதவீதம் போனவருக்கும் நூறு சதவீதம் போனவருக்கும் ஹெக்டேருக்கு ஒரே தொகைதான். முப்பது சதவீதம் என்று எழுதிவிட்டால் ஒரு ரூபாயும் கிடையாது. 2015க்கு முன் இந்த எல்லை 50 சதவீதமாக இருந்தது, இப்போது பரவாயில்லை. கணக்கெடுப்பு நாளில் நீங்கள் நிலைநாட்ட வேண்டியது, "மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது" என்ற ஒன்றை மட்டுமே. முழுக்கப் போய்விட்டது என்று கூடுதலாகச் சொல்வதால் தொகை கூடாது. சொன்னதும் வயலில் தெரிவதும் பொருந்தாவிட்டால் மற்ற பேச்சும் எடுபடாது.

பாதித்த பரப்புக்கு மட்டுமே பணம். டெல்டாவில் நாம் மா கணக்கில் பேசுகிறோம், கணக்கெடுப்புப் படிவமோ ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் போகிறது. 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது பட்டாவில் ஏறக்குறைய 0.13.5 ஹெக்டேர், அதாவது 13.5 ஏர். உங்களிடம் 5 மா இருந்து, மேட்டுப்பாங்கான 2 மா தப்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித்தது 3 மா, அதாவது 0.40.5 ஹெக்டேர். 17,000 விகிதத்தில் 6,885 ரூபாய் வரும். ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு என்று நினைவில் வைத்தால் போதும். ஒரு ஏக்கர் சம்பாவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கும் காணாது. அரசே இதை இடுபொருள் உதவி என்றுதான் சொல்கிறது. விளைச்சலுக்கான ஈடு இல்லை. அதற்கு இருப்பது காப்பீடு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒன்றிய அரசின் விதியில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இருக்கிறது: மானாவாரிக்கு 1,000, பாசனப் பயிருக்கு 2,000, பல்லாண்டுப் பயிருக்கு 2,500 ரூபாய். பத்து சென்டுக்கு விகிதப்படி கணக்குப் போட்டால் எழுநூறு ரூபாய்கூட வராது. அப்படி வந்திருந்தால், அரசாணையில் குறைந்தபட்சத் தொகை பற்றிய வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அடங்கல்: மழைக்கு முன் செய்ய வேண்டிய ஒரே வேலை

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில், எந்த உட்பிரிவில், யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில், எந்தப் பாசனத்தில் சாகுபடி செய்கிறார் என்பது அதில் இருக்கும். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்லும். பயிர் இருந்ததற்கு அடங்கல்தான் சாட்சி. கணக்கெடுக்க வருபவர் கையில் இருப்பதும் அதுவே.

அடங்கல் பசலி ஆண்டுக்குப் போடுவது. பசலி 1435 என்றால் 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை. போன பசலியில் பெயர் இருந்தது என்பதால் இந்தப் பசலியிலும் இருக்கும் என்று நம்பக் கூடாது. நடவு முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) போய் அடங்கல் நகல் வாங்கிவிடுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் எப்படியும் அது வேண்டும். வாங்கியதை மடித்து வைத்துவிடாமல் நான்கு இடங்களைப் படியுங்கள்.

முதலில் புல எண்ணும் உட்பிரிவும். 112/3ஏ என்பதற்குப் பதில் 112/3 என்று மட்டும் இருந்தால், பிற்பாடு மற்ற உட்பிரிவுக்காரரோடு பரப்பு குழம்பும். அடுத்து பயிரும் பருவமும். நேரடி விதைப்பு செய்தவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். செப்டம்பரில் தெளித்திருப்பார்கள், பயிராய்வுக்கு வந்தபோது வயல் காய்ந்து கிடந்திருக்கும், தரிசு என்று ஏறியிருக்கும். மூன்றாவது பாசன ஆதாரம். ஆற்றுப் பாசனமோ ஆழ்குழாய்க் கிணறோ இருக்க, மானாவாரி என்று எழுதியிருந்தால் தொகை பாதியாகிவிடும். வேதாரண்யம் பக்கம் உண்மையிலேயே மானாவாரி நெல் இருக்கிறது. அங்கே ஆழ்குழாய் போட்ட பிறகும் பழைய பதிவே தொடர்வதுண்டு. நான்காவது சாகுபடியாளர் பெயர், குத்தகைக்காரர்களுக்கு இதுதான் உயிர்நாடி.

தவறு இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, நகலில் விஏஓவின் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். மழைக்கு முந்தைய தேதியிட்ட அந்த ஒரு தாள், மழைக்குப் பின் எழுதும் பத்து மனுக்களுக்குச் சமம்.

இரண்டு வருவாய்க் கிராமங்களில் நிலம் இருந்தால் இரண்டு விஏஓவிடமும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருவர் பட்டியலில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது.

தண்ணீர் நிற்கும்போது

கனமழை ஓய்ந்த ஓரிரு நாளில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், இத்தனை ஏக்கர் மூழ்கியது என்று செய்தியும் வரும். அது முதல் மதிப்பீடு. மாவட்டத்திலிருந்து அரசுக்குத் தோராயமாக அனுப்பும் கணக்கு. அதில் உங்கள் பெயர் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு புல எண் வாரியாக, ஆள் வாரியாக நடக்கும் கூட்டுக் கணக்கெடுப்புதான் பணத்தைத் தீர்மானிப்பது. "ஏற்கெனவே வந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று வீட்டில் இருந்துவிடுபவர்கள் இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள்.

இந்த இடைவெளியில் படம் எடுத்து வையுங்கள். ஜிபிஎஸ் மேப் கேமரா போன்ற செயலியில் எடுத்தால் இடமும் நேரமும் படத்திலேயே பதியும். தூரத்திலிருந்து ஒன்று, மின்கம்பம், மதகு, பம்புசெட் கொட்டகை என்று ஏதாவது ஓர் அடையாளம் தெரிய வேண்டும். வரப்பிலிருந்து ஒன்று. பயிரைக் கையில் பிடித்து ஒன்று. தண்ணீர் நிற்கும்போது ஒரு முறை, வடிந்த மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை எடுங்கள். விஏஓவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மூலப்படத்தைப் போனில் அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் வழியாகப் போகும் படத்தில், கோப்புக்குள் இருக்கும் இட விவரம் உதிர்ந்துவிடும்.

மறுநடவு செய்ய நினைப்பவர்களும் சாய்ந்த நெல்லை உடனே அறுக்க வேண்டியவர்களும் ஒரு சிக்கலில் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு வரும்வரை காத்திருந்தால் இருப்பதும் போகும், காத்திருக்காவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. மிஷினை இறக்கும் முன், புல எண்ணும் தேதியும் எழுதி விஏஓவுக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் படத்தோடு தகவல் அனுப்புங்கள். அதிகம் பாதித்த இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஒரு பத்தையை அப்படியே விட்டுவையுங்கள். இதை அவர்கள் ஏற்றே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, ஆனால் அறுத்த வயலின் வெறும் தாளைக் காட்டி வாதாடுவதைவிட எவ்வளவோ மேல்.

33 சதவீதத்தை வயலில் காட்டுவது

கணக்கெடுப்பில் அளவுகோல் பெரும்பாலும் கண்மதிப்புதான். விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும் வரப்பில் நின்று பார்த்து முடிவு செய்வார்கள். ஒரு நாளில் பல நூறு ஏக்கர் பார்த்தாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. உங்கள் வயலுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த ஐந்து நிமிடத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பது பயிரின் வயதைப் பொறுத்தது.

நட்டு இருபது முப்பது நாள் ஆன இளம்பயிர் முழுக்க மூழ்கி, தண்ணீர் வடிந்த பின் இலை பச்சையாகவே நிற்கும். தூரத்தில் பார்த்தால் பிழைத்துவிட்டது போலத்தான் இருக்கும். குருத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். செத்த பயிராக இருந்தால் கையோடு வந்துவிடும், அடியில் அழுகல் நாற்றம் அடிக்கும், வேர் கறுத்திருக்கும். அதிகாரி எதிரில் நாலைந்து குத்தில் இழுத்துக் காட்டினால் பேச்சே தேவையில்லை. வடிந்து ஏழெட்டு நாளாகியும் புதுக்குருத்து வராத குத்துகளைச் செத்ததாகவே கணக்கில் வைக்கலாம்.

எண்ணிக்கை வேண்டுமானால் முந்தின நாளே எடுத்து வையுங்கள். கயிற்றில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, நான்கு மூலைக்கு அருகிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் போடுங்கள். நீண்டகால ரகத்தை 20க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஒரு சதுர மீட்டரில் 33 குத்து இருக்கும். அதில் 11 போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 20க்கு 10 என்றால் 50 குத்து, 17 போயிருக்க வேண்டும். ஐந்து இடத்துக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். இது அதிகாரபூர்வ முறை இல்லைதான். ஆனாலும் எண்ணோடு பேசுபவரிடம் "சும்மா இருபது சதவீதம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவது கடினம்.

பூக்கும் பருவத்தில் பெய்யும் மழைதான் கணக்கெடுப்பில் மிகவும் ஏமாற்றுவது. மகரந்தம் கழுவிப்போய் மணி பிடிக்காது. பயிர் நிமிர்ந்து பச்சையாக நிற்கும், பார்ப்பவர் "இங்கே சேதம் இல்லை" என்று அடுத்த வயலுக்குப் போய்விடுவார். வயலின் பல இடங்களிலிருந்து பத்துக் கதிரைப் பறித்து, மணிகளை நகத்தால் அழுத்திக் காட்டுங்கள். பால் வராமல் பொக்கென்று அமுங்கினால் பதர். ஒரு கதிரில் எத்தனை மணி, எத்தனை பதர் என்று எண்ணி வைத்திருந்தால் நல்லது. இந்தச் சேதம் மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்தே தெளிவாகத் தெரியும். கணக்கெடுப்பு அதற்குள் முடிந்துவிட்டதென்றால் மறு ஆய்வு கேட்டு எழுதுவதற்கு இதுவே சரியான காரணம்.

முற்றிய கதிருக்கு மேல் ஜனவரி, பிப்ரவரி மழை பெய்தால் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும், கதிரிலேயே முளை விடும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சாய்ந்தது மட்டும் சேதம் ஆகாது என்று சிலர் வாதிடுவார்கள், அதனால் முளைத்த கதிரையும் உதிர்ந்த மணியையும் தனியாகப் படம் எடுங்கள். அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் காரணமாகத் திருப்பியிருந்தால் அது வேறு விவகாரம். 17 சதவீத வரம்பைத் தளர்த்துவது ஒன்றிய உணவுத் துறையின் கையில் இருக்கிறது. பயிர்ச் சேத மனுவில் அதைக் கலக்காதீர்கள், இரண்டும் நிற்காமல் போகும்.

கணக்கெடுப்பவர்கள் பைக்கில் வருவார்கள். சாலையோர வயல்கள் ஏறிவிடும், உள்ளே இருப்பவை விடுபடும். இதைச் சதி என்று நினைக்க வேண்டாம், பல நேரம் பாதை இல்லாததுதான் காரணம். ஒரே வாய்க்கால் பாசனத்துக்காரர்கள் சேர்ந்து புல எண், பெயர், பரப்பு, போன் நம்பர் போட்டு ஒரே பட்டியலாகக் கொடுத்து, வரும் நாளில் ஒருவர் கூடவே நடந்தால் விடுபடுவது வெகுவாகக் குறையும். வாழை, வெற்றிலை, காய்கறி போட்டவர்கள் தோட்டக்கலைத் துறை அலுவலரைத் தேட வேண்டும். நெல்லுக்கு வந்தவர் அதை எழுத மாட்டார்.

கொடுக்க வேண்டியவை: அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், இவற்றின் நகல், போன் நம்பர். படிவத்துக்கோ பதிவுக்கோ கட்டணம் எதுவும் கிடையாது.

குத்தகை, கூட்டுப்பட்டா, இறந்தவர் பெயரில் பட்டா

சாகுபடி செய்தவருக்குத்தான் நிவாரணம். ஆனால் வாய்மொழிக் குத்தகையில் அடங்கல் நிலக்காரர் பெயரிலேயே இருக்கும், பணமும் அங்கேதான் போகும். கோயில் நிலம், மடத்து நிலம் சாகுபடி செய்பவர்களிடம் குத்தகை ரசீது இருப்பதால் பிரச்சினை குறைவு. தனியார் நிலம் என்றால், நடவுக்கு முன்பே நிலக்காரரிடம் "இந்தப் பருவம் இவர் சாகுபடி செய்கிறார், நிவாரணமும் காப்பீடும் இவர் பெயரில் வழங்க ஆட்சேபணை இல்லை" என்று ஒரு கடிதம் வாங்கி விஏஓவிடம் கொடுத்து அடங்கலில் பெயர் ஏற்றச் சொல்லுங்கள். குத்தகைப் பதிவு உரிமை வந்துவிடுமோ என்று நிலக்காரர்கள் தயங்குவார்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் என்று கடிதத்திலேயே எழுதினால் பலர் சம்மதிக்கிறார்கள். மழைக்குப் பின் கேட்டால் கிடைப்பது அரிது, பணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதல்லவா.

கூட்டுப்பட்டாவில் யார் எவ்வளவு சாகுபடி செய்கிறார் என்று பட்டாதாரர்கள் எல்லோரும் கையொப்பமிட்ட தாள் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் முழுப் பரப்பும் முதல் பெயருக்கு ஏறிவிடும், அல்லது தகராறு என்று எழுதி யாருக்கும் ஏறாது. பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கொடுங்கள். நிரந்தரத் தீர்வு பட்டா மாற்றம்தான், அதை மழையில்லாத மாதங்களில் செய்து முடியுங்கள்.

வங்கிக் கணக்கு

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராதவர்களில் பெரும்பகுதி இங்கே சிக்கியவர்கள்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். சங்கத்துக்குத் தனி ஐஎஃப்எஸ்சி (பணம் அனுப்பத் தேவையான கிளைக் குறியீடு) கிடையாது. மத்திய கூட்டுறவு வங்கிக் கிளையில் உள்ள கணக்கோ வேறு வங்கிக் கணக்கோ வேண்டும். நகைக்கடன், பயிர்க்கடன் கணக்கு எண்ணை எழுதிக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு.

பழைய பாஸ்புக்கில் பழைய ஐஎஃப்எஸ்சி இருக்கும். சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020இல் சேர்ந்துவிட்டன. லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் ஆனது. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது 2019இல். கிளையில் கேட்டுப் புதுப் பாஸ்புக் போட்டு அந்த நகலைக் கொடுங்கள்.

இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி செயல்படாத கணக்காக்கிவிடும். நூறு ரூபாய் போட்டு எடுத்து, கேஒய்சி புதுப்பித்து உயிர்ப்பித்து வையுங்கள்.

ஆதார் வழியாகப் பணம் அனுப்பினால், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு அது போகாது. ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை, ஆதாரில் பதிந்த போனிலிருந்து *99*99*1# அழுத்தியோ மைஆதார் தளத்திலோ பார்த்துக்கொள்ளலாம். பணம் வரவில்லை என்று தாலுகா ஆபீசுக்கு நடப்பவர்களில் சிலருக்கு, மறந்துபோன ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கில் அது கிடக்கும். நிவாரணம் ஏற்றுகிறோம் என்று போனில் ஓடிபி கேட்பவர்கள் யாராக இருந்தாலும் திருடர்கள்.

பட்டியலும் விடுபட்டவர்களும்

கணக்கெடுப்பு முடிந்ததும் பட்டியல் கிராம நிர்வாக அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ பார்வைக்கு வைக்கப்படும். வைக்காவிட்டால் கேளுங்கள். உங்கள் பெயர் இருக்கிறது என்றதோடு திரும்பாமல் புல எண், பரப்பு, பாசனமா மானாவாரியா என்பது, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். பட்டியல் தாலுகாவிலிருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்குள் திருத்துவது ஒரு மணி நேர வேலை. போன பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

விடுபட்டால் தாசில்தாருக்கு மனு. நீளமாக எழுத வேண்டாம், இவ்வளவு போதும்:

"பொருள்: பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் விடுபட்டதைச் சேர்க்கக் கோருதல். மேற்படி கிராமம் புல எண் ____, உட்பிரிவு ____, பரப்பு ____ ஹெக்டேரில் பசலி ____ சம்பா நெல் சாகுபடி செய்துள்ளேன். ____ தேதி மழையில் பயிர் மூழ்கி 33 சதவீதத்துக்கு மேல் சேதமானது. ____ தேதி நடந்த கணக்கெடுப்பில் என் நிலம் பார்வையிடப்படவில்லை / சேதம் குறைவாகப் பதியப்பட்டுள்ளது. மறு ஆய்வு செய்து பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். இணைப்பு: அடங்கல், சிட்டா, இடம் நேரம் பதிந்த படங்கள், வங்கிப் பாஸ்புக் நகல்."

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மனுக் கொடுக்காதீர்கள். ஒரு வாரமாகியும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இன்னும் நல்லது, வேளாண் இணை இயக்குநரும் வருவாய் அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள், இவர் அவரைக் காட்டுவதும் அவர் இவரைக் காட்டுவதும் நடக்காது. முதல்வரின் முகவரி எண் 1100இலும் பதியலாம், ஆனால் அது சுற்றி வந்து அதே தாசில்தாரிடம்தான் நிற்கும்.

இவற்றாலும் பதில் இல்லையென்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)இல் தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எழுதுங்கள். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. குறிப்பிட்ட புல எண்ணுக்கான கணக்கெடுப்புப் பதிவின் நகல், கிராமப் பயனாளிப் பட்டியலின் நகல், உங்கள் பெயரில் பணம் அனுப்பித் திரும்பியிருந்தால் அதன் விவரம் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும்.

காப்பீடு தனி, நிவாரணம் தனி

நிவாரணம் வாங்கியதால் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு நிற்காது, காப்பீடு இருப்பதால் நிவாரணமும் நிற்காது. நெல்லில் சம்பா, தாளடிக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள், நம்பி இருக்க வேண்டாம்.

காப்பீட்டில் உங்கள் வயலின் சேதத்தை யாரும் பொதுவாகப் பார்ப்பதில்லை. கிராமத்தில் தேர்ந்தெடுத்த வயல்களில் 5க்கு 5 மீட்டர் அளந்து அறுத்துப் பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரிதான் ஊர் முழுவதற்கும். அந்த அறுவடை நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு நாலு பேர் கூட நின்று எடையைக் குறித்துக்கொள்வது ஊருக்கே லாபம்.

தனி வயலுக்கான இழப்பீடும் உண்டு, அதற்கு 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தகவல் பதிய வேண்டும். அறுத்துக் காயப் போட்ட நெல் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் நனைந்தால் இதில் வரும். நெல் தண்ணீரில் மூழ்குவதை 2018இல் இந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரீப் பருவம் முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று பிரீமியம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

மாடு, மணல், தென்னை

அதே 2022-26 விகிதப்படி, கறவை மாடோ எருமையோ இறந்தால் 37,500 ரூபாய், ஆடு 4,000, உழவு மாடு 32,000, கன்று 20,000, கோழி ஒன்றுக்கு 100. புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்க வேண்டும், காது வில்லை எண் தெரிய ஒரு படம் வேண்டும். வில்லையைக் கழற்றி வைத்திருந்தால் அதுவும் பயன்படும்.

உடைப்பெடுத்து வயலில் மணல் ஏறினால், மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்திருக்கும் இடத்துக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், சிறு குறு விவசாயிகளுக்கு மட்டும். மண்வெட்டியால் ஒரு குழி வெட்டி, அளவுகோலை நிறுத்திப் படம் எடுங்கள். இது பயிர் நிவாரணத்தில் சேராது, தனியாகக் கேட்க வேண்டும்.

தென்னைக்கு வழக்கமான விகிதம் போதாது என்பது 2018 நவம்பர் கஜா புயலில் தெரிந்தது. அப்போது மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100, ஹெக்டேருக்கு 175 மரம் என்று 1,92,500 ரூபாய் அறிவித்தார்கள். மரக் கணக்கில் தொகை வரும் வாய்ப்பு இருக்கும்வரை, விழுந்த மரத்தை அறுத்து விற்றாலும் அடிக்கட்டையை விட்டுவையுங்கள். கட்டைகளில் பெயின்டால் வரிசை எண் போட்டு வைத்தால் எண்ணுபவருக்கும் எளிது, இரண்டு தோப்பு மரங்கள் ஒரே கணக்கில் போகாது.